பூட்டான்: வழிகாட்டியோடு பத்து நாள், ஆறு பள்ளத்தாக்கு. போகலாமா?

கேள்வி, 11 ஜனவரி 2025

அம்மாவுக்கு 64 வயசு. அப்பா போன பிறகு எங்கேயும் கிளம்பாதவங்க, டிவியில அந்தப் பாறை மேல தொங்குற மடத்தைப் பார்த்துட்டு "ஒரு தடவை அங்க போகணும்டா"ன்னாங்க. ஒரு முகவர் பத்து நாள் திட்டம் கொடுத்திருக்கார்: திம்பு, புனாக்கா, ஃபோப்ஜிகா, ட்ரோங்சா, பும்தாங், பாரோ. வழிகாட்டி, வண்டி, ஓட்டுநர் எல்லாம் சேர்த்து. ராத்திரிக்குத் தலைக்கு 1,200 ரூபாய் அரசுக்குத் தனி. கூட வேலை பார்க்கிறவர், "அதெல்லாம் உடுப்பு மாட்டி நடத்துற காட்சி, வழிகாட்டி காட்டுறதைத்தான் பார்ப்பே, அதுக்கு இவ்வளவு செலவா"ங்கிறார். போனவங்க யாராவது உள்ளதை உள்ளபடி சொல்லுங்க.

12 ஜனவரி, இரவு

போன நவம்பரில் இதே பாதையில் போய் வந்தோம். நான், வீட்டுக்காரர், என் தங்கை. பன்னிரண்டு நாள்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்தத் திட்டத்தோடு போகாதீர்கள்.

பத்து நாளில் ஆறு பள்ளத்தாக்கு என்றால் பாதிப் பொழுது வண்டிக்குள் கழியும். அங்கே சாலை நேராக ஓடாது. மலை மடிப்புக்குள் போய்ப் போய்த் திரும்பும், மணிக்கு முப்பது கிலோமீட்டர் போனாலே பெரிது. கோட்டையும் மடமும் அரசு அலுவலகமும் ஒரே சுவருக்குள் இருக்கிற கட்டடத்தை ஜோங் என்கிறார்கள். ட்ரோங்சா ஜோங் எதிர்மலையில் கண்ணுக்கு நேரே தெரிந்த பிறகும், நடுவே கிடந்த பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு அதன் வாசலை அடைய அரைமணிக்கு மேல் ஆயிற்று. தங்கை அதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டாள். இஞ்சி மரப்பா ஒரு பொட்டலம் கைப்பையிலேயே இருக்கட்டும்.

ஒரு பள்ளத்தாக்கையாவது வெட்டுங்கள். மிச்சமாகும் நாளை பும்தாங்குக்குக் கொடுங்கள். ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

13 ஜனவரி

ஆவணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. ஆதாரை ஏற்க மாட்டார்கள். அந்த 1,200 ரூபாய் இந்தியர்களுக்கான கட்டணம். மற்ற நாட்டவரில் பெரும்பாலோருக்கு இப்போது இரவுக்கு 100 டாலர். 2022 செப்டம்பரில் எல்லையை மறுபடி திறந்தபோது அது 200 டாலராக இருந்தது. அவர்கள் பணமும் நம் ரூபாயும் ஒரே மதிப்பு. கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளி வையுங்கள்.

நாங்கள் விமானத்தில் போகவில்லை. கொல்கத்தாவிலிருந்து இரவு ரயிலில் ஹாசிமாரா, அங்கிருந்து ஜெய்காவ், ஒரு வளைவைத் தாண்டினால் ஃபுன்ட்ஷோலிங். இந்தப் பக்கம் ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும். இருபது அடி நடந்ததும் அது நின்றுவிடும். அம்மாவுக்கு அந்த இருபது அடி பிடிக்கும்.

16 ஜனவரி

வழிகாட்டி விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் போனபோது இருந்த விதிப்படி திம்பு, பாரோ தாண்டினால் வழிகாட்டி கட்டாயம். எனக்கும் அது பிடிக்காமல்தான் இருந்தது. கொடி பிடித்துக்கொண்டு ஒருவர் முன்னால் போக, பின்னால் ஆட்டு மந்தை மாதிரி நாம் போகிற காட்சிதான் மனதில் ஓடியது.

ஃபுன்ட்ஷோலிங்கில் வந்து நின்றவர் முப்பது வயதிருக்கும். என் தங்கை கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டே, "வாங்க்கா, சாப்டீங்ளா?" என்றார். மூன்று பேரும் வாயடைத்துப் போனோம். கோயம்புத்தூரில் மூன்று வருஷம் பி.காம். படித்தவராம். பூட்டான் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படிக்க வருகிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான் பவானிக்காரி, எங்களுக்கு அது அடுத்த ஊர்தான்.

அவர் முதலில் கற்றுக்கொடுத்தது ஒரு எழுத்து: லா. வணக்கம் சொல்ல கூசுசாங்போ லா. நன்றிக்கு காதின்சே லா. மரியாதையாகச் சொல்லும் எல்லாப் பேச்சுக்கும் வாலில் ஒரு லா. "எங்க லா உங்க ஊரு ங்க மாதிரிதான்க்கா. சரி, சரிங்க. அதை எடுத்துட்டா பேச்சு மொட்டையா நிக்கும்." பத்துப் பக்கம் இலக்கணம் படித்திருந்தாலும் எனக்கு இது இவ்வளவு பதிந்திருக்காது. அன்று சாயங்காலம் தேநீர்க் கடையில் நான் லா போட்டுச் சொன்ன ஒரு நன்றிக்கு, கல்லாவிலிருந்த அம்மாள் எழுந்து நின்று பதில் சொன்னார்.

உங்கள் நண்பர் சொன்ன உடுப்பு. ஆண்கள் உடுப்பு கோ, பெண்களுடையது கீரா. பள்ளிக்கூடம், அரசு அலுவலகம், ஜோங் என்றால் அதைத்தான் உடுத்த வேண்டும், வழிகாட்டிகளுக்கும் அப்படியே. சட்டம் போட்டு உடுத்தவைப்பதுதான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் நமக்காக மாட்டிக்கொண்டு நாம் போனதும் கழற்றும் வேஷம் கிடையாது. இடுப்புக்கு மேலே கோ உடுப்பில் ஒரு பெரிய மடிப்பு விழும், அதுதான் பை. எங்கள் வழிகாட்டி அதற்குள்ளிருந்து போன், தண்ணீர்ப் புட்டி, வெற்றிலைப் பொட்டலம், ஒரு தடவை என் வீட்டுக்காரரின் குல்லாய் வரை எடுத்துக் கொடுத்தார். ஜோங் வாசலில் மட்டும் ஒரு நிமிஷம் நிற்பார். வெள்ளை மேல்துண்டை இடது தோளில் போட்டு மடிப்பைச் சரிசெய்வார், அப்போது பேச மாட்டார். எங்கள் தாத்தா கோயில் வாசலில் மேல்துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டியது நினைவுக்கு வந்தது.

19 ஜனவரி

திம்புவில் எங்களுக்கு ஒரே நாளில் ஏழு இடம் போட்டிருந்தார்கள். மூன்றாவது இடத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது மன்னர் ஜிக்மே தோர்ஜி வாங்சுக் நினைவாக 1974-இல் கட்டிய வெள்ளை ஸ்தூபி அது. ஊரில் உள்ள வயதானவர்கள் எல்லாம் காலையிலேயே அங்கே வந்துவிடுகிறார்கள். கையில் சுழலும் மணிச் சக்கரம், மடியில் சாப்பாட்டுத் தூக்கு. கொஞ்சம் சுற்றுகிறார்கள், கொஞ்சம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள், மறுபடி சுற்றுகிறார்கள். நானும் இரண்டு மணி நேரம் இருந்தேன். மிச்ச நாலு இடத்தை வழிகாட்டி தானாகவே அடித்துவிட்டார். "நீங்க உக்கார்ற ஆளுன்னு தெரிஞ்சுபோச்சு, இனி அதுக்கேத்த மாதிரி போலாம்க்கா" என்றார்.

உங்கள் அம்மாவை அங்கே ஒரு காலை முழுக்க விட்டுவிடுங்கள்.

21 ஜனவரி

தோசுலா கணவாயில் (3,100 மீட்டர் இருக்கும்) 108 சிறு ஸ்தூபிகள் ஒரு மேட்டைச் சுற்றி அடுக்கடுக்காக நிற்கின்றன. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். 2003 டிசம்பரில், தெற்குக் காடுகளில் முகாம் போட்டிருந்த அஸ்ஸாம் ஆயுதக் குழுக்களை பூட்டான் ராணுவம் வெளியேற்றியது. அதில் இறந்தவர்களுக்காக அன்றைய மூத்த அரசி கட்டவைத்தவை இவை. இரண்டு தரப்பிலும் இறந்தவர்களுக்காகத்தான் வேண்டிக்கொள்வோம் என்றார் வழிகாட்டி.

அங்கிருந்து இறங்கினால் புனாக்கா. குளிர் விலகி வாழைமரம் தெரியத் தொடங்கும். போ சூ அப்பன் ஆறு, மோ சூ ஆத்தாள் ஆறு, இரண்டும் கூடும் முனையில் ஜோங். 1637-இல், பூட்டானை ஒரே நாடாக்கிய ஷப்துருங் ங்காவாங் நம்கியால் கட்டத் தொடங்கியது. 1907 டிசம்பர் 17 அன்று முதல் மன்னர் முடிசூடியதும் இங்கேதான். 1994-இல் மேலே பனி ஏரி ஒன்று உடைத்துக்கொண்டு வந்த வெள்ளம் இந்த ஜோங்கையும் அடித்தது. ஆற்றின் மேல் இருக்கும் மூடிய மரப்பாலம் 2008-இல் திரும்பக் கட்டியது. கூடுதுறை ஊர்க்காரிக்கு இரண்டு ஆறு சேரும் இடம் என்றால் கால் தானாக நடக்கும். படித்துறை தேடினேன். கிடையாது. அங்கே ஆற்றைத் தள்ளி நின்று கும்பிடுகிறார்கள்.

பக்கத்திலேயே சிமி லாகாங். ட்ருக்பா குன்லே என்ற கிறுக்குச் சாமியார் கட்டிய கோயில். போகும் வழியெல்லாம் வீட்டுச் சுவர்களில் ஆண்குறி வரைந்திருக்கும், பெரிதாக, வண்ணமாக, சிலதுக்கு ரிப்பன் கட்டி. அம்மாவோடு எப்படிப் போவது என்று கூச்சப்படாதீர்கள். கண்ணேறு கழிக்கவும் கெட்டதை விரட்டவும் வரைவது, அங்கே யாரும் அதைப் பார்த்துச் சிரிப்பதில்லை. பிள்ளை வரம் கேட்டு வருகிறார்கள். என் தங்கைக்கு 44 வயது, பிள்ளை இல்லை. பிக்கு ஒருவர் மரத்தில் செய்த அதைக்கொண்டு அவள் தலையில் மெதுவாகத் தொட்டார். அவள் அழுதாள். இதற்கு மேல் எழுத அவளைக் கேட்கவேண்டும்.

22 ஜனவரி

திருத்தம். சிமி லாகாங்கை ட்ருக்பா குன்லே கட்டவில்லை. அந்த மேட்டை அவர் ஆசீர்வதித்து ஒரு ஸ்தூபி எழுப்பினார். 1499-இல் கோயில் கட்டியவர் அவர் உறவினரான ங்காவாங் சோக்யால். வழிகாட்டி சரியாகத்தான் சொல்லியிருந்தார், என் குறிப்பேட்டில் பாதிதான் ஏறியிருக்கிறது.

27 ஜனவரி

ஃபோப்ஜிகா. இதை வெட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் என்றால் கூடவே கூடாது. கோடையில் என்றால் யோசிக்கலாம்.

கிண்ணம் மாதிரி ஒரு அகலப் பள்ளத்தாக்கு, ஏறக்குறைய 3,000 மீட்டரில், நடுவில் சதுப்பு. திபெத் மேட்டுநிலத்திலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் அக்டோபர் கடைசியில் வந்து இறங்கும். ஆள் மார்புயரம் வரும். விடியற்காலை ஐந்தரைக்கு வழிகாட்டி கதவைத் தட்டினார். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. முதலில் சத்தம்தான் வந்தது. த்ருங் த்ருங் என்றுதான் அவர்கள் மொழியில் கொக்குக்கே பெயர், அப்படியே தன் பெயரைச் சொல்லிக்கொண்டு கூட்டமாக எழுந்தன. என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், எதற்கும் அசராதவர், என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இந்தப் பள்ளத்தாக்குக்கு மின்சாரம் வந்த கதை முக்கியம். கம்பம் நட்டுக் கம்பி இழுத்தால் கொக்கு அடிபடும். அதனால் கேபிளை மண்ணுக்கடியில் புதைத்துத்தான் கொண்டுவந்தார்கள், அதற்காக ஊர் வருஷக்கணக்கில் இருட்டில் காத்திருந்தது. நாங்கள் தங்கிய வீட்டு அம்மாளிடம் அது கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். கஷ்டம்தான் என்றார். கொக்கு வராத வருஷம் வந்தால் அதைவிடக் கஷ்டம் என்றார்.

நவம்பர் 11 கங்க்தே மடத்து முற்றத்தில் கொக்குத் திருவிழா. 1998 முதல் நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வெள்ளைத் துணி இறக்கை கட்டி ஆடினார்கள். ஒரு பொடியனுக்கு அலகு கழன்று விழுந்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்தாமல் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முடித்தான், கூட்டம் அவனுக்குத்தான் அதிகம் கைதட்டியது.

29 ஜனவரி

கொக்குகள் வரும்போதும் போகும்போதும் கங்க்தே மடத்தை மூன்று தடவை வலம் வருமாமே, உண்மையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பெரிய பறவைகள் வெப்பக் காற்றைப் பிடித்து வட்டமிட்டுத்தான் உயரம் ஏறும், மடம் நிற்பதும் மேட்டில்தான். நான் இரண்டையும் ஏற்றுக்கொள்கிறேன். வட்டமிடும் பறவையைப் பார்த்து வலம் என்று படித்த கண்ணைத்தான் நான் பார்க்கப் போனேன்.

2 பிப்ரவரி

பும்தாங். இதற்காகத்தான் இவ்வளவு நாள் இழுத்தேன்.

பும்தாங் என்பது நான்கு பள்ளத்தாக்கு: சோகோர், சூமே, டாங், உரா. பெரும்பாலான திட்டங்களில் சோகோர் மட்டும் இருக்கும், ஏனென்றால் புகழ்பெற்ற கோயில்களெல்லாம் அங்கே. ஜம்பே லாகாங் 659-இல் திபெத்து மன்னர் சாங்ட்சென் காம்போ கட்டியதாகச் சொல்கிறார்கள். ஒரே நாளில் 108 கோயில் எழுப்பினாராம், பாரோவின் கீச்சு லாகாங்கும் அதில் ஒன்று. குர்ஜேயில், பௌத்தத்தை அங்கே கொண்டுவந்தவராகச் சொல்லும் குரு பத்மசம்பவரின் உடல் பதிந்த பாறை. தாம்ஷிங் கோயில் 1501-இல் பேமா லிங்பா என்ற பூட்டான் குரு கட்டியது, அவர் கையால் செய்த இரும்புச் சங்கிலிச் சட்டை அங்கே இருக்கிறது. அதைத் தோளில் போட்டு மூன்று சுற்று வந்தால் பாவம் கழியும். என் வீட்டுக்காரர் சுற்றினார். இருபது கிலோவுக்கு மேல் இருக்கும்.

எனக்குச் சூமேயும் டாங்கும். எங்கள் வீடு ஜமுக்காளத் தறி வீடு. அப்பா ஒரு பக்கம் அம்மா ஒரு பக்கம் ஒரே குழித்தறியில் உட்கார்ந்து ஊடை (குறுக்கு இழை) வாங்கி ஊடை கொடுத்து நெய்வார்கள், நான் அந்தச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள். சூமேயில் சுங்னே என்ற ஊரில் சாலையோரம் கம்பளித் துணிகளைக் கொடியில் போட்டிருந்தார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, கட்டம் கட்டமாகப் பூ. அதன் பெயர் யாத்ரா. பெயரைக் கேட்டு ஏதோ யாத்திரைக்குப் போர்த்துவது என்று நினைத்தேன், சம்பந்தமே இல்லை. மிதிகட்டை வைத்த தறியில், பும்தாங் ஆட்டுக் கம்பளியில் நெய்வது.

துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். வளர்ந்த பழக்கம். நாலாவது துணியில் கை நின்றுவிட்டது. விசைத்தறித் துணி. பின்பக்க இழை அத்தனை ஒழுங்காகக் கையில் வராது. கடைக்காரப் பெண் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்து உள்ளே வைத்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. எங்கள் ஊர்ச் சந்தையிலேயே வெளியூர் விசைத்தறி ஜமுக்காளம்தான் பவானி என்று விற்கிறது, அப்பா தறியை இறக்கியதும் அதனால்தான். அவள் கையிலேயே நெய்த ஒன்றை எடுத்து வந்தாள். சொன்ன விலையைக் கொடுத்தேன்.

டாங்கில் ஒரு விவசாய வீட்டில் இரண்டு இரவு. கீழே மாட்டுக்கொட்டிலாக இருந்த இடம் இப்போது விறகு அறை, மேலே சமையலறை, அதற்கும் மேலே பூஜை அறை. வீடு பாட்டியின் பெயரில். அந்தப் பக்கமெல்லாம் வீடும் நிலமும் பெரும்பாலும் பெண்பிள்ளைக்குத்தான் போகும், மாப்பிள்ளை வந்து சேர்ந்துகொள்வார். பாட்டியை அங்கே என்று கூப்பிட வேண்டும் என்றார் வழிகாட்டி. "எங்கே?" என்று கேட்டேன். "அங்கே!" என்று பாட்டியைக் காட்டினார். நான் மறுபடி "எங்கே?" என்றேன். கோவைத் தமிழ் தெரிந்த அவருக்கு அப்போதுதான் உறைத்து, சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பாட்டிக்கு விளக்கிச் சொன்னதும் அவரும் சிரித்தார். கிளம்பும் வரை என்னைப் பார்க்கும்போதெல்லாம் "எங்கே?" என்று கூப்பிட்டார்.

அவர் தறி சமையலறை ஜன்னலோரம். இடுப்புத் தறி. நம் குழித்தறி மாதிரி மிதிகட்டையெல்லாம் இல்லை. பாவு, அதாவது நீளவாக்கு இழை, ஒரு வளையமாக இரண்டு மரத்துக்கு நடுவே ஓடும். தூர மரம் சட்டத்தில் கட்டியிருக்கும், கிட்ட மரத்திலிருந்து ஒரு வார் நெய்பவரின் முதுகைச் சுற்றி வரும். பாவு விறைக்க வேண்டும் என்றால் பின்னால் சாய வேண்டும், தளர வேண்டும் என்றால் முன்னால் குனிய வேண்டும். மொத்தத் தறியும் உடம்புதான். பூ எடுக்கத் தாளில் வரைந்த மாதிரி ஏதும் கிடையாது. கூர் குச்சியால் இழையை எண்ணித் தூக்கி, நிற இழையைச் செருகி, வாள் மாதிரி இருக்கும் கட்டையால் தட்டுகிறார். லூன்ட்சே பக்கம் கோமா என்ற ஊரில் பட்டில் கிஷுதாரா என்ற பூவேலைத் துணி நெய்வார்கள், ஒரு கீராவுக்கு மாதக்கணக்கில் ஆகும், என் கண்ணுக்கு இனி அது முடியாது என்றார்.

சாயம் பற்றிக் கேட்டேன். மஞ்சிட்டி வேரும் அரக்கும் சிவப்புக்கு, நீலத்துக்கு அவுரி மாதிரி ஒரு செடி. சாயம் காய்ச்சும்போது வெளியாள் பார்க்கக் கூடாது, கர்ப்பிணி அருகில் வரக் கூடாது, வயிற்றுப் பிள்ளை நிறத்தைத் திருடிக்கொள்ளுமாம்.

வழிகாட்டிதான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். நடுவில் அவர் அடுப்புப் பக்கம் போய்விட்டார். என் தோளில் அப்பா கடைசியாக நெய்த ஜமுக்காளத் துண்டில் தைத்த பை இருந்தது. பாட்டி கையை நீட்டி அதை வாங்கினார். பூட்டைத் திறக்கவில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. ஓரத்தை மடித்துப் பின்பக்கத்தைப் பார்த்தார். ஜமுக்காளத்துக்கு இரண்டு பக்கமும் முகம்தான். மறுபடி திருப்பினார். நகத்தால் ஊடையைத் தள்ளி அடர்த்தி பார்த்தார். பிறகு என் கையை எடுத்து விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தார். நான் தறியில் உட்கார்ந்து இருபத்தைந்து வருஷம் ஆயிற்று, காய்ப்பு எல்லாம் போய்விட்டது. அவர் என் விரலைத் தன் விரலோடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். வழிகாட்டி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், உள்ளே வரவில்லை.

கேள்விக்குப் பதில் கேட்டீர்களே, இதுதான் என் பதில். அந்த வீட்டுக்குள் நான் போனது அவரால். அங்கே அவர் பேசாமல் நின்றதும் அவர் வேலைதான்.

3 பிப்ரவரி

டாங் போகும் வழியில் மேபர் ட்சோ. எரியும் ஏரி என்று அர்த்தம், ஆனால் ஏரி கிடையாது, ஆறு ஒரு பாறை இடுக்கில் ஆழமாகத் தேங்கும் இடம். பேமா லிங்பா எரியும் விளக்கோடு உள்ளே குதித்து, மறைந்து கிடந்த புதையல்களோடு விளக்கு அணையாமல் வெளியே வந்தார் என்பது கதை. விளிம்பில் கவனம், வழுக்கும். அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள்.

9 பிப்ரவரி

"உலகிலேயே சந்தோஷமான நாடு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் அப்படி எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

அந்தப் பாட்டியின் பேரன் ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கிறான். இரவு எட்டு மணிக்கு வீசாட்டில் குரல் செய்தி வரும், பாட்டி போனைக் காதில் வைத்து மூன்று தடவை கேட்பார். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிக்கொண்டிருக்கும் நாடு அது.

இன்னொன்று. எங்கள் ஓட்டுநர் நேபாளி பேசுபவர், தென்பகுதிக்காரர். அவர் மாமா ஒஹாயோவில் இருக்கிறார் என்றார். எப்படி அங்கே போனார் என்று கேட்டேன், பதில் வரவில்லை. வழிகாட்டியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊருக்கு வந்து படித்தேன். 1985 குடியுரிமைச் சட்டம் 1958 முடிவதற்குள்ளேயே அங்கே குடியிருந்ததற்குக் காகிதம் கேட்டது. 1989-இல் உடையும் ஆசாரமும் எல்லோருக்கும் ஒன்று என்றானது, பள்ளியில் நேபாளி நின்றது. எதிர்ப்புக் கிளம்பியது, அடக்குமுறை வந்தது. ஒரு லட்சம் பேர் அளவுக்குக் கிழக்கு நேபாளத்து முகாம்களில் போய் விழுந்தார்கள். 2007-க்குப் பிறகு அவர்களில் மிகப் பெரும்பாலோர் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் குடியேற்றப்பட்டார்கள். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை என்ன செய்தது என்று தெரிந்த நமக்கு, காகிதம் கேட்டு ஆளை வெளியேற்றுவது என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் ரசித்து எழுதிய அந்த உடுப்பு, இந்தக் கதைக்குள்ளும் இருக்கிறது. 16-ஆம் தேதிக் குறிப்பை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

11 பிப்ரவரி

முந்தாநாள் எழுதியதில் வழிகாட்டிக்கு அநியாயம் செய்துவிட்டேன். அவர் மறைத்தார் என்பதுபோல் இருக்கிறது. வீட்டுக்காரர் படித்துவிட்டுச் சொன்னார்: கதை ஓட்டுநருடையது, அவர் இருக்கும் வண்டியில் இன்னொருவர் அதை எப்படிச் சொல்வார்? சரிதான். பாரோவில் கடைசி இரவு அந்த இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டதை நான்தான் பார்த்தேன். சட்டம் பற்றி நான் எழுதியதில் மாற்றமில்லை.

16 பிப்ரவரி

சாப்பாடு. அம்மா சைவம் என்றால் பயம் வேண்டாம். எமா என்றால் மிளகாய், தாட்ஷி என்றால் பாலாடைக்கட்டி. எமா தாட்ஷியில் மிளகாய்தான் காய், காரத்துக்குப் போட்டது என்று ஒதுக்கி வைக்க முடியாது. காரம் தாங்குவோம் என்ற நம்பிக்கையோடு போனோம், தங்கை மட்டும் தாங்கினாள். உருளைக்கிழங்கு போட்ட கேவா தாட்ஷி, காளான் போட்ட ஷாமு தாட்ஷி சாந்தமானவை. செம்பழுப்புச் சோறு நம் ஊர்ச் சிவப்பரிசி மாதிரி. காய்கறிக்குள்ளேயே காய்ந்த இறைச்சித் துண்டு போடும் பழக்கம் உண்டு, அதனால் முதல் நாளே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள்.

பும்தாங்கில் பாப்பரை (பக்வீட்) மாவில் குலே என்று ஒரு தோசை. அதே மாவில் புட்டா. நம் புட்டு என்று நினைக்காதீர்கள். மரப்பலகை அச்சில் மாவை வைத்து, நீளக் கட்டையின் மேல் ஒருவர் ஏறி உட்கார்ந்து அழுத்தினால் நூல் நூலாக இறங்கும். சந்தகையேதான்! "கோயமுத்தூர்ல மெஸ்ல முதநாள் சந்தகை போட்டாங்க, எனக்கு வீட்டு ஞாபகம் வந்துருச்சுக்கா" என்று வழிகாட்டி சொன்னபோது, கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது நான்.

எதைக் கொடுத்தாலும் அவர்கள் முதலில் வாயைக் கையால் மூடி "மேஷு மேஷு" என்பார்கள், வேண்டாம் என்று. இரண்டாவது தடவை நீட்ட வேண்டும். முதல் தடவையிலேயே நாங்கள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டோம், பாவம், ஓட்டுநர் அன்று எங்கள் முறுக்கைச் சாப்பிடவே இல்லை.

தோமா: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. பாக்கு மட்டும் நம்முடையது போல் காய்ந்ததல்ல, பச்சையாக ஊறவிட்டது, வாடை தூக்கும். போட்டதும் காது சூடாகி நெற்றி வியர்த்தது. பாட்டி மடித்துக் கொடுத்ததால் மென்றேன்.

23 பிப்ரவரி

தங்கை இந்தப் பதிவுகளை முழுக்கப் படித்தாள். சிமி லாகாங் பற்றி எழுதலாம் என்றாள், ஆனால் திருத்தச் சொன்னாள். "நான் அழலை. நீ அழுதே. நான் சிரிச்சேன்." வரம் கேட்கவும் இல்லையாம். இருபது வருஷமாகக் கோயில் கோயிலாகப் பிள்ளை இல்லாத கணக்கை எல்லோரும் தன்னிடம் கேட்டார்கள், அந்தப் பிக்கு மட்டும் ஒன்றும் கேட்காமல் தொட்டார், அதனால் சிரிப்பு வந்தது என்றாள். அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

2 மார்ச்

புலிக்கூடு, தக்ட்சாங். பாரோ பள்ளத்தாக்குத் தரையிலிருந்து 900 மீட்டர் உயரத்தில் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்மசம்பவர் பெண்புலி மேல் வந்து தவமிருந்த குகை, 1692-இல் கட்டிய மடம், 1998-இல் எரிந்து 2005-இல் திரும்ப எழுந்தது. கடைசி நாளுக்கு வையுங்கள், அதற்குள் உடம்பு உயரத்துக்குப் பழகியிருக்கும். பாதி வழிவரை மட்டக்குதிரை உண்டு, ஏற மட்டும்தான், இறங்க நடக்கணும். அதற்கு மேல் நூற்றுக்கணக்கில் படி இறங்கி, அருவியைத் தாண்டி, மறுபடி ஏறணும்.

என் முழங்கால் பாதி வழித் தேநீர்க் கடையோடு நின்றுவிட்டது. வீட்டுக்காரரும் தங்கையும் ஓட்டுநரோடு மேலே போனார்கள். வழிகாட்டி என்னோடு உட்கார்ந்துவிட்டார். மேகம் விலகி விலகி மடம் தெரிந்தது. மூன்று மணி நேரம். உங்கள் அம்மாவுக்கு ஏற முடியாவிட்டால் அந்த பெஞ்சு போதும். டிவியில் பார்த்தது அங்கிருந்து அப்படியே தெரியும்.

15 மார்ச்

ஏப்ரல் 6 கிளம்புகிறோம், ட்ரோங்சாவில் இரவு தங்குவதை எடுத்துவிட்டு டாங்கில் இரண்டு நாள் போட்டாச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். ரொம்பச் சந்தோஷம். கொக்குகள் போயிருக்கும், மலையெல்லாம் ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும்.

ஒரு உதவி. எங்கள் தெருவில் இன்னும் ஒரு தறி ஓடுகிறது. அதில் ஒரு சின்ன ஜமுக்காளம் நெய்து வாங்கி வைத்திருக்கிறேன், ஒரு கிலோ கூட வராது. கிளம்பும் முன் உங்களுக்கு அனுப்பட்டுமா? அந்தப் பாட்டியிடம் கொடுக்க வேண்டும். யார் கொடுத்தது என்று கேட்டால் பெயர் சொல்ல வேண்டாம். "எங்கே" கொடுத்தாள் என்று சொல்லுங்கள், தெரிந்துகொள்வார்.